அம்மாவின் கீமோவும் வீட்டுக்கு வந்த லிங்ஸி டப்பாக்களும்

சிங்கப்பூரில் ஒரு வீட்டில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால், கொஞ்ச நாளிலேயே யாராவது ஒருவர் காளான் டப்பாவோடு வந்துவிடுவார். லிங்ஸி, யுன்ஸி, கார்டிசெப்ஸ், சாகா என்று பெயர்தான் மாறும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதனால் பணம் போனது, அம்மாவின் சிகிச்சையில் ஒரு சுற்று தள்ளிப்போனது, என் தூக்கமும் போனது. அப்போது எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவராவது உட்கார்ந்து நாலு விஷயத்தைத் தமிழில் விளக்கியிருந்தால் பாதிச் சிரமம் குறைந்திருக்கும். இப்போது யாராவது அந்த நிலைமையில் இருப்பீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். அண்ணன் பெர்த்தில் இருக்கிறார். ஈசூனில் நானும் அம்மாவும் மட்டும்தான்.

அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுக்கும் மலப் பரிசோதனைப் பெட்டியில்தான் முதலில் தெரிந்தது. அப்புறம் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள், அறுவை சிகிச்சை நடந்தது, நிணநீர்க் கணுக்களிலும் இருக்கிறது, மூன்றாம் நிலை என்றார்கள். கீமோ கட்டாயம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் ஆக்ஸாலிபிளாட்டின் சொட்டு மருந்து, வீட்டில் 14 நாள் கேப்சைட்டபின் மாத்திரை, பிறகு ஒரு வாரம் ஓய்வு. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய பிறகு குளிர்ச்சியே ஆகாது. குளிர்பெட்டியைத் திறந்து தயிர் எடுத்தாலே அம்மாவுக்கு விரல் நுனியெல்லாம் ஊசி குத்துவது போல இருக்கும். எம்.ஆர்.டி. ரயிலின் ஏ.சி.க்குக்கூட கையுறை போட வேண்டியிருந்தது. அம்மா எதற்கும் சத்தம் போடாதவர். ராத்திரி சமையலறையில் தனியாக உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கும்போது, ஏதாவது செய்ய மாட்டோமா என்றிருக்கும்.

அந்த நேரத்தில்தான் கோயிலில் பழக்கமான ஓர் அக்கா வந்தார். முதலில் ஆறுதல், அப்புறம் டப்பாக்கள். லிங்ஸி மாத்திரை, ஓடு உடைத்த லிங்ஸி வித்துப் பொடி, பல காளான்கள் கலந்த ஒரு பானத் தூள். “கீமோ நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்லும்மா, இது எதிர்ப்புச் சக்தியைக் காப்பாத்தும்” என்றார். அம்மா, “டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டுமா?” என்றார். அதற்கு அந்த அக்கா, “இது மருந்தே இல்ல, சாப்பாடு. டாக்டர்கிட்ட கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்க, அவங்களுக்கு இதப்பத்திப் படிப்பு கிடையாது” என்று சொல்லிவிட்டார். மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்று மூன்று மாதத்துக்கானதை வாங்கினோம். 3,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து இதற்கு ஒரு காசும் எடுக்க முடியாது, எந்தக் காப்புறுதியும் தராது. கடன் அட்டையில்தான் கட்டினேன். முதல் கரண்டிப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்த அன்று அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தனக்காகத் தானே ஏதோ செய்துகொள்கிறோம் என்ற தெளிவு. உண்மையைச் சொன்னால், நான் பணம் கொடுத்தது அதற்குத்தான்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியும் சூப் கொண்டுவந்து கொடுப்பார். ஷீட்டாக்கே காளான், சிவப்புப் பேரீச்சை, கொஞ்சம் கோழி. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாக வேகவைத்த காளான் சாப்பாடு. நூறு கிராம் காளானைச் சூப்பில் போடுவதும், கிலோக் கணக்கில் காளானைச் சாறாக இறுக்கி மாத்திரையாக்கித் தினமும் விழுங்குவதும் ஒன்றில்லை. “சாப்பாடுதானே” என்று யாராவது சொல்லும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீமோவின் நடுவில் ஒருநாள், சொட்டு மருந்துக்கு முன் எடுக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்ஸைம்கள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைவு. டாக்டர் கணினியைப் பார்த்துக்கொண்டே, வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா, வைட்டமின், மூலிகை, சீன மருந்து ஏதும் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. இன்று கீமோ கிடையாது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள், டப்பாக்களோடு மருந்தாளரைப் பாருங்கள் என்றார். அந்த நாற்காலியிலிருந்து எழுந்தபோது எனக்குக் கால் நடுங்கியது. கீமோ தள்ளிப்போனால் நோய் பரவிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அம்மா “என்னாலதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னொரு பக்கம்.

மருத்துவமனை மருந்தாளரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேருக்கு இவர்களிடம் இப்படி உட்கார்ந்து பேசலாம் என்பதே தெரியாது. சின்னப் பெண், மலாய்க்காரர். மூன்று டப்பாவையும் மேசையில் வரிசையாக வைத்து லேபிளை எழுத்தெழுத்தாகப் படித்தார். எப்போது தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு, கீமோ மாத்திரையோடு சேர்த்தா தனியாகவா, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பானத் தூளில் ஆறேழு காளான் பெயர் இருந்தது. எது எத்தனை மில்லிகிராம் என்று இல்லை, மொத்த எடை மட்டும்தான். “இதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியவில்லையே” என்றார். ஆக்ஸாலிபிளாட்டினும் கேப்சைட்டபினும்கூடக் கல்லீரல் என்ஸைமை ஏற்றும், தட்டணுக்களைக் குறைக்கும். லிங்ஸிப் பொடி சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்ததாக ஹாங்காங்கில் பதிவு உண்டு. தாய்லாந்தில் ஒருவர் இறந்ததை 2007ல் அங்குள்ள மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். இவையெல்லாம் அரிதான சம்பவங்கள், பயப்பட வேண்டாம், ஆனால் உங்கள் அம்மாவுக்கு எது காரணம் என்று இப்போது யாராலும் பிரிக்க முடியாது என்று சொன்னார்.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. காளான் விஷம் என்பது இல்லை. கீமோ, மூன்று விதமான டப்பா, அம்மாவின் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே போய்க்கொண்டிருந்தன, அதில் பாதி மருத்துவர்களுக்குத் தெரியாமல். ஒரு மதிப்பு மாறினால் எதை நிறுத்துவது? தேவைப்படும் கீமோவைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள், அதுதான் அவர்களால் கட்டுப்படுத்தக்கூடியது. அம்மாவைக் காப்பாற்றுவதற்காக வந்த பொருள், அம்மாவுக்கு உறுதியாகப் பயன் தரும் என்று தெரிந்த ஒரே மருந்தைத் தள்ளிவைக்க வைத்தது.

அடுத்த ரத்தப் பரிசோதனை வரை காத்திருந்த நாட்களை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அண்ணன் தொலைபேசியில் “நீ நெட்ல பாத்திருக்கலாமே” என்றார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. வருடாந்திர விடுப்பு முடிந்து சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அக்காவை அழைத்தால், “நச்சு வெளியேறும்போது அப்படித்தான் மா காட்டும், நிறுத்தாதீங்க” என்றார். இதை மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தத்தில் கல்லீரல் என்ஸைம் ஏறுவது நச்சு வெளியேறுவதற்கு அடையாளம் இல்லை. கல்லீரல் செல்கள் சேதமாகும்போது அவற்றுக்குள் இருப்பது ரத்தத்தில் கசிகிறது, அவ்வளவுதான். இப்படி யாராவது சொன்னால் அந்த நிமிடமே பேச்சை முடித்துவிடலாம்.

அளவுகள் இறங்கின. கீமோ கொஞ்சம் குறைந்த அளவில் மறுபடி தொடங்கியது. டப்பாக்களை நிறுத்தியதாலா, ஓய்வு கிடைத்ததாலா? டாக்டர் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. நான் அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

பிரிக்காத டப்பாக்களைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று போனால் அது தனிக் கதை. சிங்கப்பூரில், நாம் அழைக்காமல் வீடு தேடி வந்து விற்றால், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக ஐந்து நாளுக்குள் எழுத்தில் தெரிவித்து அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். இது எனக்குத் தெரிந்தபோது நாள் எப்போதோ கடந்துவிட்டது. பயனீட்டாளர் சங்கத்திடம் ஆலோசனை கேட்கலாம், சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகலாம், அங்கே 20,000 வெள்ளி வரை கோரிக்கை வைக்க முடியும், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எனக்குப் போகத் தெம்பு இல்லை, அம்மாவை விட்டுவிட்டு எங்கே ஓடுவது. பணம் திரும்ப வரவில்லை. நீங்கள் வாங்கினால் ரசீதை வாங்கி வையுங்கள், வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், மூன்று மாதத்துக்கு மொத்தமாக ஒருபோதும் வாங்காதீர்கள். ஒத்துக்கொள்ளுமா என்றே தெரியாத பொருளைத் தள்ளுபடிக்காக மொத்தமாக வாங்குவதில் கணக்குப்படிகூட லாபம் இல்லை.

அப்புறம் நான் படிக்க ஆரம்பித்தேன். ஆத்திரத்தில் தொடங்கியதுதான், ஆனால் படிக்கப் படிக்க, காளான் விஷயமே பொய் என்று தள்ளிவிட முடியாது என்று தெரிந்தது. அதுதான் இதில் சிக்கல். டர்க்கி டெயில் என்ற காளான், சீனர்கள் யுன்ஸி என்பது, அதிலிருந்து ஜப்பானில் பி.எஸ்.கே. என்ற பொருளைப் பிரித்தெடுத்து, 1977ல் மருந்தாகவே அங்கீகரித்தார்கள். வயிறு, பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 1994ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்த 262 பேரில், கீமோவோடு பி.எஸ்.கே.யும் எடுத்தவர்களில் ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 73 சதவீதம், கீமோ மட்டும் எடுத்தவர்களில் 60 சதவீதம். ஷீட்டாக்கேயிலிருந்து எடுத்த லெண்டினானையும் ஜப்பானில் 1980களில் வயிற்றுப் புற்றுநோய்க்கு ஊசி மருந்தாகக் கீமோவோடு அனுமதித்தார்கள். இதையெல்லாம் காட்டித்தான் விற்பவர்கள் பேசுகிறார்கள். ஆனால் அந்த ஆய்வில் இருந்தது மருந்துத் தொழிற்சாலையில் சுத்திகரித்து அளந்த பொருள், டாக்டர் எழுதிக் கொடுத்தது, அந்தக் காலத்துக் கீமோவோடு. எங்கள் வீட்டு மேசையில் இருந்தது வேறு காளான், வேறு பொடி, அளவே தெரியாத கலவை. இன்றைய கீமோவோடும், உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் இம்யூனோதெரபியோடும் சேர்த்தால் அதே பலன் கிடைக்கும் என்று அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் எந்தக் காளான் பொருளையும் புற்றுநோய் மருந்தாக அங்கீகரிக்கவில்லை.

லிங்ஸிக்கு என்ன ஆதாரம் என்றும் தேடினேன். காக்ரேன் என்ற அமைப்பு நம்பகமான ஆய்வுகளைத் திரட்டிப் பார்ப்பது. அவர்களுக்குக் கிடைத்தது மொத்தம் ஐந்து ஆய்வு, 373 பேர். முதன்மைச் சிகிச்சையாக லிங்ஸியைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை, வழக்கமான சிகிச்சையோடு துணையாகச் சேர்ப்பதை வேண்டுமானால் யோசிக்கலாம் என்பது முடிவு. ஆயுளை நீட்டுமா என்பதற்குப் பதில் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களிடம் வித்துப் பொடி களைப்பைக் குறைத்ததாகச் சீனாவில் ஒரு சின்ன ஆய்வு உண்டு, 48 பேர்தான். நம்பிக்கைக்கு இடம் உண்டு, 3,000 வெள்ளிக்கு இடம் இல்லை என்பது என் எண்ணம்.

டப்பாவில் எழுதியிருப்பதே உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2017ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவில் விற்ற 19 லிங்ஸிப் பொருட்களைச் சோதித்தார்கள். ஐந்துதான் உண்மையான லிங்ஸியோடு ஒத்துப்போயின. லேபிளில் “பாலிசாக்கரைடு இத்தனை சதவீதம்” என்று பெருமையாக இருக்கும். பாலிசாக்கரைடு என்பது பல சர்க்கரைகள் கோத்த பொருள், மாவுச்சத்தும் அதில் ஒன்றுதான். காளானை அரிசியிலோ ஓட்ஸிலோ வளர்த்து அந்தத் தானியத்தோடு சேர்த்து அரைத்தாலும் அந்த எண் ஏறும். கேட்க வேண்டியது காளானுக்குரிய பாலிசாக்கரைடான பீட்டா குளுக்கன் எவ்வளவு, காளானின் உடலா வேரிழையா, வெந்நீரில் எடுத்த சாறா வெறும் பொடியா, கன உலோகச் சோதனை அறிக்கை உண்டா என்பதுதான். எங்கள் பானத் தூளில் இருந்த சாகாவில், சிறுநீரகத்தில் படியக்கூடிய ஆக்ஸலேட் என்ற பொருள் அதிகம். ஜப்பானில் கல்லீரல் புற்றுநோய் இருந்த ஒரு மூதாட்டி மாதக்கணக்கில் சாகாப் பொடி சாப்பிட்டுச் சிறுநீரகம் பழுதானதை 2014ல் பதிவு செய்திருக்கிறார்கள். சர்க்கரை நோயால் ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது முக்கியம்.

நம் ஊர்ச் சட்டத்தையும் தெரிந்துவைத்திருங்கள். சீனத் தயாரிப்பு மருந்து என்று விற்பவை சுகாதார அறிவியல் ஆணையத்தில் பட்டியலிடப்பட வேண்டும். ஊட்டச்சத்துப் பொருள் என்று விற்பவற்றுக்கு விற்பனைக்கு முன் அந்த ஒப்புதல் தேவையில்லை, பாதுகாப்புக்கு விற்பவர்தான் பொறுப்பு. “சிங்கப்பூரில் சட்டப்படி விற்கிறோம்” என்பதற்கு “சோதித்துப் பார்த்து அரசாங்கம் ஒப்புக்கொண்டது” என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதே மருந்துகள் சட்டப்படி தடை, அந்தப் பட்டியலில் நீரிழிவு, சிறுநீரக நோய் உட்பட 19 நோய்கள் இருக்கின்றன. அப்படி எழுதிய துண்டுச்சீட்டைக் கையில் கொடுத்தால், அந்தச் சீட்டே உங்களுக்கு எச்சரிக்கை.

கீமோ முடியும் சமயத்தில் ஒரு சீன மருத்துவரையும் பார்த்தோம். பதிவு பெற்றவர்தானா என்று பதிவேட்டில் முதலில் தேடிக்கொண்டேன், எல்லோரும் செய்யக்கூடியதுதான். அவர் அம்மாவின் நாடி, நாக்கு எல்லாம் பார்த்துவிட்டு, கீமோ ஓடும்போது நான் மருந்து எழுத மாட்டேன், முடிந்து ரத்தம் சீரான பிறகு புற்றுநோய் டாக்டருக்குத் தெரிந்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். எதையும் விற்காமல் அனுப்பியதாலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

டாக்டரிடம் கேட்கும் விதமும் முக்கியம் என்று கற்றுக்கொண்டேன். “காளான் சாப்பிடலாமா?” என்று கேட்டால் “வேண்டாம்” என்பதோடு முடிந்துவிடும், அவருக்கு அடுத்த நோயாளி காத்திருக்கிறார். பொருளின் பெயர், லேபிளின் படம், அளவு எல்லாம் கையில் வைத்துக்கொண்டு, இது இந்த மருந்தோடு மோதுமா, கல்லீரலுக்கு ஆகுமா, எப்போது தொடங்கலாம், எப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். லிங்ஸி தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கக்கூடும் என்பதால், ரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் போன்றவை எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ போகிறவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதாகச் சொல்லும் பொருளைத் தொடவே கூடாது. இம்யூனோதெரபி எடுப்பவர்களும் கேட்காமல் தொடக்கூடாது.

அம்மாவுக்குக் கீமோ முடிந்துவிட்டது. விரல் மரமரப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. அம்மாவுக்குக் காளான் மேல் நம்பிக்கை போகவில்லை, அதைப் பறிக்க எனக்கும் மனமில்லை. டாக்டரிடம் மறுபடி கேட்டோம். நான் பரிந்துரைக்க மாட்டேன், வேண்டுமென்றால் ஒரே ஒரு பொருள், ஒரே காளான், தொடங்குவதற்கு முன்னும் சில வாரம் கழித்தும் ரத்தப் பரிசோதனை என்றார். யுன்ஸிச் சாறு மட்டும் எடுக்கிறார், மாதத்துக்கு 60 வெள்ளி அளவில் ஆகிறது. கல்லீரல் மதிப்புகள் சரியாக இருக்கின்றன. ஸ்கேனும் சுத்தமாக வந்தது. அது யுன்ஸியால்தான் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, அறுவை சிகிச்சையும் கீமோவும் செய்த வேலையை இன்னொன்றின் கணக்கில் எழுதக்கூடாது.

இப்போதும் யாராவது டப்பாவோடு வருகிறார்கள். அன்போடு வருகிறவர்களிடம் முகத்தில் அடித்தது போலப் பேச முடியாது. “ரொம்ப நன்றிங்க, லேபிளை ஒரு படம் எடுத்துக்கிறேன், அம்மாவோட மருந்தாளர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிடுகிறேன். விற்க வந்தவர்கள் அதற்கப்புறம் அழைப்பதில்லை. உண்மையிலேயே உதவ வந்தவர்கள், “சரி, வேற என்ன வேணும்?” என்று கேட்பார்கள். அவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு மதியம் அம்மாவோடு உட்கார்ந்திருங்கள், நான் தூங்கிக்கொள்கிறேன் என்று கேளுங்கள். கீமோ நாளன்று மருத்துவமனையிலிருந்து வீடு வரை ஒரு டாக்ஸிச் செலவை ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நான் கேட்டபோது யாரும் முடியாது என்று சொன்னதில்லை.